அட்டை

ஹட்டன் ஸ்டேஷன் ரோட்டில்
மாடிப்படிக்குக் கீழே எங்கள் ஸ்டூடியோ.
ஒரு நீலத் திரை, ஒரு முக்காலி,
ஊருக்கெல்லாம் பொதுவாய் ஒரு கறுப்புக் கோட்டு.
முதுகில் ஊசி குத்தினால் யாருக்கும் அளவாகும்.
அடையாள அட்டைக்கு நாலு படம், பாஸ்போர்ட்டுக்கு ஆறு.
காது தெரியணும். சிரிக்கக் கூடாது.
மூச்சைப் பிடிங்க, என்பேன்.
பிடிப்பார்கள்.
குவைத்துக்குப் போகிறவளும்
புறக்கோட்டைத் துணிக்கடைக்குப் போகிற பையனும்
ஒரே மாதிரிதான் பிடிப்பார்கள்.

கவுண்டருக்கு அடியில் ஒரு மாரி பிஸ்கட் டின்.
உள்ளே ஒப்பந்த காலத்து நெகட்டிவ்கள்.
குடும்பத்துக்கு ஒரு படம், மடியில் சிலேட்டு,
சிலேட்டில் ஒரு நம்பர்.
முகம் கறுப்பாய் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம்,
தலைமயிர் எல்லாம் வெள்ளை.
ஒன்றில், வலது ஓரம், ஒரு சிறுவன்
பாதி உள்ளே, பாதி வெளியே.
அந்த அரை முகத்துக்கு
கப்பலில் இடம் கொடுத்தார்களா, தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான்
இரவல் கேமராவோடு தோட்டத்துக்குப் போனேன்,
ஒரு ஞாயிறு, மேல்பிரிவு, மழை விட்டிருந்த நேரம்.
படம் பிடிக்கிறேன் என்றேன்.
பொய்யில்லை.
வீடியோ என்று மட்டும் சொல்லவில்லை.

தத்தம் காம்பரா வாசலில் நின்றார்கள்.
முதல் நிமிடம் எல்லோரும் அட்டையில் இருக்கிற ஆள்தான்.
இரண்டாவதில் ஒரு இமை.
டிலுக்ஷன் தொண்டையை விழுங்கினான்.
மூன்றாவதில்
பவளராணியின் கணுக்காலில் அட்டை ஏறியது.
அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது,
முகம் அசையவில்லை,
கீழே மட்டும்
இடது கால் மெதுவாக வந்து
வலது காலைத் தேய்த்தது.

கொழும்பில் வெள்ளைச் சுவர், நல்ல ஏசி.
'பெயரிடப்படாதது. ஒற்றைத் திரை. பதினொரு நிமிடம்.'
ஒரு அம்மையார் கேட்டார்:
"இவங்களுக்குச் சொந்த ஊர் எது?"
"மேல்பிரிவு. பதினோராம் லயம், நாலாம் காம்பரா."
"இல்ல, அதுக்கு முந்தி?"
"அதுக்கு முந்தி மூணாம் காம்பரா.
காத்துல கூரை போயிருச்சி."

பிறகு தோட்டத்திலேயே போட்டுக் காட்டினேன்.
பிரட்டுக்களத்தில் கட்டிலுக்கு விரிக்கிற துணி,
இடையில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது.
தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்,
அடுத்தவரைப் பார்த்து இன்னும் சத்தமாக.
தன் கால் திரையில் பெரிதாய் வந்தபோது
பவளராணி சொன்னாள்:
"ஒரு அட்டைக்கு நின்னேன்,
இன்னொரு அட்டை வந்து ஏறிருச்சி."
களமே அதிர்ந்தது.
நான் ஒரு வருசம் வெட்டி ஒட்டியும்
எனக்கு அகப்படாத வரி.

எல்லோரும் போனபின் துணியை மடிக்க உதவினாள்.
"என்னைய அங்க மாட்டி வச்சதுக்கு
எவ்வளவு கெடச்சிச்சி?"
சொன்னேன்.
விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
"நாலு மாசத்துப் பேரு," என்றாள்.
கோபம் எதுவும் இல்லை.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுகிற மலையில்
பேர் என்பது
அழைப்பதற்கு மட்டும் அல்ல.
பாதிக் காசை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்,
எண்ணிப் பார்த்து.

போன திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்தாள்.
ஓமானுக்காம். ஆறு படம்.
மகளைத் தங்கச்சியிடம் விடுகிறாளாம்.
நீலத் திரையை இழுத்துவிட்டேன்.
காது தெரியணும், என்றேன்.
தெரியும், என்றாள்.
நாற்பத்தொரு வயது, நேர்ப் பார்வை,
மூடிய வாய்,
ஒரு அதிகாரியும் குறை சொல்ல முடியாத முகம்.

மூச்சைப் பிடிங்க.

சட்டகம் மார்போடு முடிகிறது.
அதற்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு,
இடது கால்
வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.